ஹெர்பிஸ் மாத்திரை மூன்று: நான் தின்று பார்த்த கணக்கு

மீன்வண்டி:

முட்டத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறேன். வயது 39. ஹெர்பிஸ், அதாவது கொத்தாகக் கொப்பளம் வரும் வைரஸ் நோய், வந்து ஆறு வருடம் ஆகிறது. உதட்டில் இல்லை, கீழே. வீட்டுக்காரியையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. இங்கே பெயர் போட வேண்டாம் என்பதால்தான் எழுதக் கை வந்தது.

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபேம்சைக்ளோவிர், இந்த மூன்றில் எது நல்லது என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். மூன்றையும் தின்றவன் என்ற முறையில் என் கதையைச் சொல்கிறேன். அளவெல்லாம் எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை வந்தபோது இது என்ன என்றே தெரியவில்லை. காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிக்கட்டு, ஒன்றுக்குப் போனால் கண்ணில் தண்ணீர் வரும் எரிச்சல். அப்புறம் கொத்தாகக் கொப்பளம். ராத்திரி முழுக்க எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு எது வந்தாலும் "சூடு" என்றுதான் தோன்றும். ஒரு மருந்துக்கடையில் கூச்சத்தோடு பாதி விஷயத்தைச் சொன்னேன். அவர் படர்தாமரைக்குக் கொடுக்கிற களிம்பை எடுத்துத் தந்தார். ஸ்டீராய்டு கலந்தது. நான்கு நாளில் கொப்பளம் உடைந்து நடக்க முடியாமல் போனது. அவரைக் குறை சொல்லவில்லை, பாதியை மறைத்தவன் நான்தான்.

கடைசியில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால்வினை நோய்க்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. வெளியே பலகையில் சுகவாழ்வு மையம் என்றுதான் இருக்கும், அதனால் வரிசையில் நிற்க வெட்கப்பட வேண்டியதில்லை. பார்த்ததுமே ஹெர்பிஸ் என்று சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை. சிவப்புப் பொதி ஒன்று இலவசமாகத் தந்தார்கள். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், 21 மாத்திரை, ஒரு நாளுக்கு மூன்று வீதம் ஏழு நாள். நான்காம் நாள் எரிச்சல் அடங்கியது, பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது.

நோய் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. வைரஸ் முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். மாத்திரை அது பெருகுவதைத்தான் தடுக்கும், அங்கிருந்து கிளப்பிவிடாது. இது மூன்று மாத்திரைக்கும் பொருந்தும். முதல் வருடம் எட்டுத் தடவை வந்தது.

இரண்டாவது தடவை ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். பழைய முறைப்படி அசைக்ளோவிர் 200 ஐந்து வேளை, ஐந்து நாள் என்று எழுதினார். ஐந்து வேளை! களியக்காவிளையில் ஒன்று, கொல்லத்தில் ஒன்று, ஆலப்புழாவில் தூக்கக் கலக்கத்தில் தின்றேனா இல்லையா என்றே ஞாபகம் இல்லை. 25 மாத்திரையில் 11 மிச்சம். மருந்து வேலை செய்யவில்லை என்று அவரிடம் போய்ச் சண்டை போட்டேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண். அவர்தான் விளங்கும்படி சொன்னார். அசைக்ளோவிரை வாயால் தின்றால் நூற்றில் 10 முதல் 20 பங்குதான் ரத்தத்தில் சேரும். எனக்கு உடனே பிடிபட்டது: பத்துப் பெட்டி ஏற்றினால் சந்தைக்கு இரண்டு பெட்டி சேருகிற வண்டி. அதனால்தான் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கிறது. வாலாசைக்ளோவிர் வேறு மருந்தே இல்லை. அதே அசைக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள், குடலில் நன்றாக ஏறும், உடம்புக்குள் போனதும் திரும்ப அசைக்ளோவிர் ஆகிவிடும். பாதிக்கு மேல் ரத்தத்தில் சேருவதால் வேளை குறைகிறது. எனக்கு 500 மில்லிகிராம், இரண்டு வேளை, மூன்று நாள். ஃபேம்சைக்ளோவிர் உள்ளே போய்ப் பென்சிக்ளோவிர் என்ற இன்னொரு மருந்தாக மாறுகிறது. நோய் பிடித்த செல்லுக்குள் அது நிறைய நேரம் தங்கும். அதனால் ஒரே நாளில் முடிக்கிற முறை அதற்கு உண்டு: 1 கிராம், 12 மணி நேரம் விட்டு இன்னொரு 1 கிராம். ஆனால் அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும்.

ஒரே நாள் என்றதும் விட்டில் விளக்கில் விழுந்த மாதிரி விழுந்தேன். மூன்றில் விலை கூடியது அதுதான். அடுத்த தடவை கூசுகிற மாதிரி, எறும்பு ஊருகிற மாதிரி தொடங்கியபோது நான் கொல்லத்தில். மருந்துச் சீட்டு வீட்டில். ஊருக்கு வந்து வாங்கித் தின்னும்போது மறுநாள் மத்தியானம். கொப்பளம் வழக்கம்போல வந்து வழக்கம்போலப் போனது. அதே மருந்தை அதற்கடுத்த தடவை வண்டியிலேயே வைத்திருந்து அரை மணி நேரத்தில் தின்றேன், கொப்பளமே எழும்பவில்லை. வாலாசைக்ளோவிரிலும் எனக்கு இப்படியேதான் நடந்தது. முந்தினால் பலன், பிந்தினால் பணம் போச்சு. மூன்றும் சக்தியில் ஏறக்குறைய ஒன்றுதான் என்று டாக்டரும் சொன்னார். நன்றாக வேலை செய்தாலும் ஒன்றிரண்டு நாள் குறையும், அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமான பாகம் வீட்டில். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு முதல் தடவை வெளியே வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அப்படியே அவளிடம் சொல்லி, குமாரகோயில் முருகன் மேல் ஆணை என்றும் சொன்னேன். "எப்பம் வந்ததுண்ணு டாக்டருக்கே தெரியாதுண்ணா, எனக்க கிட்ட எதுக்கு சத்தியம் பண்ணுதிய?" என்றாள். இரண்டு வாரம் பேச்சில்லை. அப்புறம் ஒருநாள் அவளே, "எனக்கும் பாக்கணுமா?" என்று கேட்டாள். பார்த்தோம். அவளுக்கு இல்லை.

அதனால்தான் தினசரி மாத்திரைக்குப் போனேன். வாலாசைக்ளோவிர் 500, ஒரு நாளுக்கு ஒன்று, ஒன்றரை வருடம். தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு அது. எட்டுத் தடவை வந்தது ஒரே தடவை ஆனது. துணைக்குத் தொற்றுவதும் இதனால் ஏறக்குறைய பாதியாகக் குறையும், 2004இல் வந்த ஆய்வு அது. பாதிதான். மீதிக்கு ஆணுறை, அப்புறம் எறும்பு ஊருகிற மாதிரி தொடங்கினாலே தள்ளிப் படுப்பது. கொப்பளம் இல்லாத நாளிலும் தொற்றலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது தினசரி நிறுத்தியாயிற்று. வருடம் இரண்டு தடவை வருகிறது. நான் வைத்திருப்பது எது தெரியுமா? பழைய அசைக்ளோவிர்தான். 800 மில்லிகிராம், மூன்று வேளை, இரண்டே நாள். ஆறு மாத்திரை. இப்படி ஒரு முறை இருப்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஃபேம்சைக்ளோவிருக்குக் கொடுத்த காசில் வண்டிக்கு ஒரு டயர் மாற்றியிருப்பேன். ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும்.

தூத்தூர் தூண்டில்:

அண்ணே, எனக்கு உதட்டில். தங்கல் தொழில், கடலில் 30, 40 நாள். வெயில் பட்டால் வரும். மேலே வெயில், கீழே தண்ணீரிலிருந்து அடிக்கிற வெயில். உதட்டோரம் விறுவிறுவென்று இழுக்கும், மறுநாள் கொப்பளம். "எவளுக்க கடி?" என்று படகில் கேலி வேறு.

முதலில் அசைக்ளோவிர் களிம்பு கொண்டுபோனேன். ஒரு நாளுக்கு ஐந்து தடவை தடவணுமாம். மீன் கையோடு எங்கே தடவுவது? தடவினாலும் பெரிதாக ஒன்றும் இல்லை, அரை நாளோ ஒரு நாளோ முன்னால் ஆறும். இப்போது வாலாசைக்ளோவிர். உதட்டுக்கு ஒரே நாள் கணக்கு: 2 கிராம், 12 மணி நேரம் கழித்து 2 கிராம். 500 மாத்திரை என்றால் நான்கு நான்காகத் தின்ன வேண்டும். பார்த்தால் பயமாக இருக்கும். தலைவலி ஒரு தடவை வந்தது, வேறில்லை. நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொன்னார். கடலில் நல்ல தண்ணீர் கணக்குப் போட்டுத்தான், ஆனாலும் அன்றைக்கு மட்டும் கூடுதலாகக் குடிப்பேன். தொப்பியும், வெயில் தடுக்கிற உதட்டுக் களிம்பும் போட ஆரம்பித்த பிறகு ஒரு தங்கலுக்கு ஒன்று என்பது இரண்டு மூன்று தங்கலுக்கு ஒன்று ஆகியிருக்கிறது. கேலி குறையவில்லை.

நைட் டியூட்டி:

நான் நர்ஸ். எனக்கு வந்தது விரலில். நம்ப மாட்டீர்கள், அதே வைரஸ்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் வாய் சுத்தம் செய்வது எங்கள் வேலை. கையுறை போதாத நாட்கள் உண்டு. சுட்டுவிரல் நுனி சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போகிற வலி.

அம்மா 25 வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை ஓடு உடைத்தவள். விரலைப் பார்த்ததும், "அண்டி எண்ணெய் பட்டுருக்கும் மக்கா, தேங்காயெண்ணெய் போடு" என்றாள். நான் எங்கே அண்டி தொட்டேன்! வேலை செய்த இடத்தில் ஒருவர் சீழ் கட்டியிருக்கிறது என்று கீறிவிட்டார். சீழே வரவில்லை, கொஞ்சம் நீர்தான். ஹெர்பிஸ் விரலைக் கீறவே கூடாது, வேறு கிருமி ஏறும், வைரஸும் பரவும். தோல் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அசைக்ளோவிர் 400, மூன்று வேளை. ஆறும் வரை நோயாளியைத் தொடும் வேலை இல்லை. தூத்தூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: களிம்பு தடவின கையால் கண்ணைக் கசக்காதீர்கள், கண்ணுக்குப் போனால் கதை வேறு. உதட்டில் புண் இருக்கும்போது கைக்குழந்தைக்கு முத்தமும் வேண்டாம். பிறந்த குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து.

தக்கலைக்காரன்:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. அப்பாவுக்கு வந்தது அக்கி. ஆங்கிலத்தில் அதற்கும் ஹெர்பிஸ் என்று பெயர் ஒட்டியிருக்கிறது, ஆனால் அது சின்னம்மை வைரஸ். பால்வினை நோய் இல்லை. இதைச் சித்தப்பாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

இடது விலாவில் பட்டையாகக் கொப்பளம். அக்கி எழுதினால் போதும் என்று குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். குளிர்ச்சியாக இருந்தது என்றுதான் அப்பா சொன்னார். அதில் தப்பில்லை. ஆனால் மூன்று நாள் ஓடிவிட்டது. அக்கிக்கு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அளவும் மிகப் பெரிது: அசைக்ளோவிர் என்றால் 800 ஐந்து வேளை, வாலாசைக்ளோவிர் என்றால் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள்.

ஐந்து வேளை வேண்டாம் என்று நாங்களே கேட்டு வாலாசைக்ளோவிருக்கு மாற்றினோம். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. சிறுநீரகம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். மூன்றாம் நாள் ராத்திரி என்னைச் செத்துப்போன பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுவரில் யாரோ நிற்பதாகக் கை காட்டினார். பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மருந்து உடம்பில் தேங்கி மூளையைக் குழப்பிவிட்டதாம். மருந்தை நிறுத்தி நீர் ஏற்றியதும் மூன்று நாளில் தெளிந்துவிட்டார். நரம்பு வலி மட்டும் எட்டு மாதம் இருந்தது, சட்டை உரசினால்கூடத் துடிப்பார். மீன்வண்டி அண்ணன் கிரியாட்டினின் பார்த்ததாகச் சொன்னாரே, அந்த வரியை வயதானவர் இருக்கிற எல்லா வீட்டிலும் படிக்கணும். அக்கிக்கு இப்போது 50 வயதுக்கு மேல் போடுகிற தடுப்பூசியும் வந்திருக்கிறது, இரண்டு தவணை. அம்மாவுக்குப் போட்டாயிற்று.

புதியவன் 27:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நான்கு மாதம் முன்னால் வந்தது, கீழே. தையில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. எந்த மாத்திரை தின்றால் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் சமாளிக்கலாம்?

மீன்வண்டி:

தம்பி, அப்படி ஒரு மாத்திரை இல்லை. தினசரி தின்றால் பாதி குறையும் என்றேன், மீதிப் பாதியை அவள் தலையில் கட்டப் போகிறாயா? அவள் நாளைக்குக் கர்ப்பமாகும்போது டாக்டருக்கும் இது தெரிந்தாக வேண்டும். முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு அதிகம். எங்கள் இரண்டாவது பிள்ளையின்போது அந்த மூன்று மாதமும் நாங்கள் சேரவே இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறான், இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான்.

எப்படிச் சொல்வது என்று பயமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ், பால்வினை நோய் உதவி எண் 1097க்குக் கூப்பிட்டுப் பேசிப் பார், பெயர் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் அடுத்த செவ்வாய் காலை கிரியாட்டினின் பார்க்க ஆசாரிபள்ளம் போகிறேன். ஒன்பது மணிக்கு வாசலுக்கு எதிரே சாயா குடித்துக்கொண்டிருப்பேன். நீல நிறச் சட்டை, கையில் ஆர்.சி. புத்தகம். பேர் சொல்ல வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.