கதவு எண் மாற்றம்: 108 வண்டிக்கு வீடு தெரிய என்ன செய்யலாம்?

கேள்வி:
பாளை பக்கம் எங்க ஊராட்சியில மூணு குக்கிராமம். மூணுலயும் பிள்ளையார் கோவில் தெரு, நடுத்தெரு, கீழத்தெரு இருக்கு. பழைய எண், புதிய எண்ணு குழப்பம் வேற. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தாமிரபரணிக்கரை:
முதல்ல ஒரே பேர்ல இருக்கிற தெருக்களைப் பிரியுங்க, அண்ணாச்சி. கிராம சபையில தீர்மானம் போட்டு, ஒண்ணை மட்டும் அப்படியே விட்டு மத்ததுக்கு வேற பேர். 'பிள்ளையார் கோவில் 2-ஆம் தெரு'ன்னு ஒட்டுப்போடாதீங்க. பதட்டத்துல பேசுறவங்க அந்த 'இரண்டாம்' என்பதைத்தான் விட்டுடுவாங்க.

எண்ணை வண்டி நுழையுற மெயின் ரோட்டு முனையிலிருந்து தொடங்கணும். இடது ஒற்றைப்படை, வலது இரட்டைப்படை. 10 மீட்டருக்கு ஒரு ஜோடி எண். 68-ஆம் எண்ணுன்னா முனையிலிருந்து சுமார் 340 மீட்டர், ஓட்டுநர் வண்டியில தூரம் காட்டுற மீட்டரைப் பார்த்தே போயிடலாம். காலி மனையில பின்னால வீடு வந்தாலும் எண் குழம்பாது.

பாளைவாசி:
தோட்ட வீடுகளுக்கு அது சரி. சுவர் ஒட்டின வரிசை வீடுகளுக்கு 10 மீட்டர் ஒத்துவராது, 68அ, 68ஆன்னு நீளும். அங்க வரிசை எண்ணே மேல், காலி மனைக்கும் எண் ஒதுக்கிடுங்க.

பலகையில பழைய எண்ணும் புதுசும் ஒரே அளவுல எழுதுறதுதான் பெரிய தப்பு. புதுசு 10 செ.மீ. உயரம், ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர்ல. பழசு ஓரமா சின்னதா, ஒரு வருஷம் போதும். கதவுல வேண்டாம், திறந்தா மறையும். வாசல் தூண்ல ஒட்டுங்க.

தாமிரபரணிக்கரை:
வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் அட்டை மூணுலயும் முகவரி மாத்தணும். கூகுள் மேப்புல தெருப்பேரையும் திருத்துங்க.