ஃபால்ட்டி டவர்ஸ் பார்த்து எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரவில்லையா?

கேள்வி:
ஆபீஸில் ஒருவர் விடாமல் நச்சரித்ததால் ஃபால்ட்டி டவர்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் டிவி காமெடித் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தேன். ஒரு ஓட்டல்காரர் வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுகிறார், ஸ்பெயின்காரச் சர்வரைப் போட்டு வாட்டுகிறார், பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு உதடுகூட அசையவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தம்தான் பெரிய எரிச்சல். சப்டைட்டில் இல்லாமல் பாதி புரியவும் இல்லை. பழைய பிரிட்டிஷ் காமெடியில் வேறு எதிலாவது தொடங்கலாமா, இல்லை இந்த வகையே எனக்கு ஒத்துவராதா?

பதில்:
அந்தச் சிரிப்பு பிறகு ஒட்டவைத்தது இல்லைங்க. ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து அவர்கள் முன்னால்தான் நடித்தார்கள், நாடகம் மாதிரி. அப்படி நினைத்துப் பார்த்தால் எரிச்சல் குறையும். அந்த ஓட்டல்காரர் பேசில் எல்லார் மேலும் எரிந்து விழுவதில்லை, கவனியுங்கள். பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்ததும் குழைகிற குழைவு என்ன, ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தையே எழுப்பி இடம் மாற்றுகிறார்! கடைசியில் அந்தப் பிரபுவின் பெட்டியைத் திறந்தால் செங்கல். மேல்தட்டு ஆட்கள் தன் ஓட்டலுக்கு வர வேண்டும் என்ற அந்த ஆளின் ஏக்கம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகச் சிரிப்பு வரும். மொத்தமே 12 எபிசோடுதான், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. பேசிலாக நடித்த ஜான் க்ளீஸும் கானி பூத்தும் கணவன் மனைவியாக இதை எழுத ஆரம்பித்து, விவாகரத்துக்குப் பிறகும் சேர்ந்தே எழுதி முடித்தார்கள். சர்வர் மேனுவலாக வருகிற ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே இல்லை, பெர்லினில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பி சின்ன வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர்.

பதில்:
மேனுவல் அடி வாங்குவது எனக்கும் பிடிக்காது, எத்தனை பேர் எவ்வளவு விளக்கினாலும் சரி. நீங்கள் யெஸ் மினிஸ்டர் பாருங்கள். 1980இல் வந்தது, அடிதடி கிடையாது, முழுக்கப் பேச்சுதான். அமைச்சர் ஹேக்கர் ஏதாவது செய்ய நினைப்பார், செயலாளர் சர் ஹம்ஃப்ரி மூச்சுவிடாமல் ஒரே வாக்கியத்தை முக்கால் பக்கம் பேசி அதை ஒன்றுமில்லாமல் செய்வார். நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரி ஒன்று வரும், அதில் ஊழியர்கள் மட்டும் 500 பேர். அப்பா வருவாய்த் துறையில் இருந்தவர், அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவே இல்லை, "இதில் என்னடா காமெடி, அப்படித்தானே நடக்கும்" என்றார். இந்தியிலும் ஃபாரூக் ஷேக்கை வைத்து ஜீ மந்த்ரிஜி என்று எடுத்தார்கள். ஆங்கிலம் வேகமாக வரும், சப்டைட்டிலை எடுத்துவிடாதீர்கள்.

பதில்:
இரண்டும் வேண்டாம், டாட்ஸ் ஆர்மி. இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவல் பார்த்த கிழவர்களின் கதை. 1968 முதல் 1977 வரை 80 எபிசோடு. ஒரு காட்சி சொல்கிறேன். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி கேப்டன், போரில் ஜெயித்ததும் பழிவாங்க வேண்டியவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறான். ஹிட்லரைக் கிண்டல் பண்ணிப் பாடிய, அந்தப் படையிலிருந்த ஒரு பொடியனைப் பார்த்து "உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன?" என்கிறான். உடனே நம் தளபதி பதறிப்போய்: "அவனிடம் சொல்லாதே, பைக்!" பொடியனின் பெயரே அதுதான்.

கேள்வி கேட்டவர்:
கடைசிப் பதிலை பஸ்ஸில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். சனிக்கிழமை டாட்ஸ் ஆர்மி. செங்கல் பெட்டியை இன்னொரு தடவை பார்க்கிறேன், முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டேன் என்பதையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.