நெற்றியில் இருந்த ஸ்ட்ரான்ஷியம்

கும்பகோணத்தான் எழுதியது:

கடலையும் பாறையையும் வேதியியலால் துருவுகிறவர்களோடு பழகிய அனுபவம் இங்கே சிலருக்காவது இருக்கும். நானே தொடங்கிவைக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். வங்கக் கடலின் அடிச்சேற்றிலிருந்து ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரின் சுண்ணாம்பு ஓடுகளைப் பொறுக்க வேண்டும். பிறகு, அவற்றில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் 87, 86 என்ற இரண்டு ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளின்) விகிதத்தை அளக்க வேண்டும். ஓடு உருவான காலத்தில் கடல்நீரில் என்ன விகிதம் இருந்ததோ, அதுவே ஓட்டிலும் பதிந்திருக்கும். ஓட்டின் அளவு ஒரு மணல் துகள்தான். ஒன்றில் பத்துப் பதினைந்து நானோகிராம் ஸ்ட்ரான்ஷியம் தேறினால் பெரிது. ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்போம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி ஒரு தும்மல் வந்தால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான்.

மாதிரியே போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் எல்லாப் படிகளிலும் நடத்திப் பார்ப்பதற்கு பிளாங்க் என்று பெயர். நம் அழுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஒரு நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 40 வந்தது. டெஃப்லான் பீக்கர்களை நைட்ரிக் அமிலத்தில் ஒரு வாரம் கொதிக்கவைத்தேன், 35. அமிலத்தை மறுபடி வடித்தெடுத்தேன், 52. மூன்று மாதம் இப்படியே போனது. ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் வேலை தேடலாம் என்றுகூட நினைத்தேன்.

என் வழிகாட்டியும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தூய காற்று வீசும் மேசைமேல் நான் குனிந்து நின்றதை ஒருநாள் கதவருகே இருந்து பார்த்தவர், "அப்படியே வைத்துவிட்டு வெளியே வா" என்றார்.

"காலையில் குளித்ததும் என்ன செய்வாய்?"

"விபூதி பூசுவேன், சார்."

"கீற்றா, பட்டையா?"

"பட்டை, சார்."

"போய்க் கழுவிவிட்டு வா. சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்."

பசுஞ்சாணம் எரிந்த சாம்பலில் கால்சியம் நிறைய. கால்சியம் போகிற இடமெல்லாம் ஸ்ட்ரான்ஷியமும் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு துளிப் பொடி பீக்கரில் உதிர்ந்தாலே இரண்டு மூன்று ஓடுகளின் சரக்கு உள்ளே போய்விடும். அடுத்த பிளாங்க் 0.6.

அன்று மாலை தேநீர்க் கடையில் அவர் கிளேர் பாட்டர்சனின் கதையைச் சொன்னார். விண்கல்லில் இருந்த ஈயத்தை வைத்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டவர் பாட்டர்சன். அந்த எண்ணுக்குப் போய்ச் சேருவதற்கு முன் பல ஆண்டுகள் அவர் அளந்ததெல்லாம் பெரும்பாலும் தன் ஆய்வகத் தூசியில் இருந்த ஈயத்தைத்தான். தூசியை விரட்டி முடித்தவர், இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினார். கடலின் மேல்நீரில் ஆழத்தில் இருப்பதைவிட ஈயம் கூடுதலாக இருப்பதைக் கண்டு, பெட்ரோலில் கலக்கும் ஈயத்தைக் கைகாட்டினார். அதற்காக அந்தத் தொழில்துறையின் பகையையும் சம்பாதித்துக்கொண்டார். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது 2000ஆம் ஆண்டில்தான்.

கதையைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவருக்கு ஆண்டுகள், எனக்கு மூன்று மாதம்.

உப்புக்காற்று எழுதியது:

உங்களுக்கு விபூதி, எனக்கு வால்வு.

ஆய்வுக் கப்பலில் முதல் பயணம். வளையமாக அடுக்கிய 24 நீர்க் குடுவைகளை, இரண்டு முனையும் திறந்த நிலையில், கம்பி வடத்தில் கட்டி இறக்குவோம். மேலே ஏற்றும்போது வேண்டிய ஆழங்களில் நிறுத்தி, கணினியிலிருந்து கட்டளை கொடுத்தால் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மூவாயிரம் மீட்டருக்கு இறங்க ஒரு மணி நேரம், ஏற அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு குடுவையின் தலையிலும் சின்னதாக ஒரு காற்று வால்வு இருக்கும். இறக்குவதற்கு முன் அதைத் திருகி மூட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த வேலை என்னுடையது. ஏழாம் எண் குடுவையில் மறந்துவிட்டேன்.

தளத்துக்கு வந்ததும் முதலில் ஆக்சிஜன் மாதிரி எடுப்போம். குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட வராமல் நிரப்ப வேண்டும். ஏழாவது குடுவையின் வால்வைத் திறப்பதற்கு முன்பே, குழாயை இழுத்ததும் நீர் ஒழுகியது. தலைமை விஞ்ஞானி கத்தவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "உங்கள் கையாலேயே எழுதுங்கள்" என்றார். 'கசிவு, பயன்படாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இன்றைக்கும் அந்தத் தரவுத் தொகுப்பில் அந்த ஆழத்துக்கு நேரே வெற்றிடம்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பகலில் தளத்தில் வெயில் 32 டிகிரி. அடியிலிருந்து வந்த குடுவையைக் கட்டிப்பிடித்தால் ஐஸ் பெட்டியைத் தொட்டதுபோல் இருக்கும். அந்த ஆழத்தில் நீர் இரண்டு டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. வங்கக் கடலுக்கு அடியில் இப்படி ஒரு குளிர் இருக்கிறதென்று பாடத்தில் படித்திருந்தேன். வியர்த்த கன்னத்தை அந்தக் குடுவையில் வைத்தபோதுதான் நம்பினேன்.

அரியலூர் ஆசிரியர் எழுதியது:

நான் ஆராய்ச்சியாளன் அல்லன், பள்ளி ஆசிரியன். எங்கள் பக்கத்தில் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக் கல்லில் கை அகலச் சிப்பிகள் கிடைக்கும். சிமெண்ட் ஆலைகள் வெட்டும் அதே கல்தான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். கடல் அங்கிருந்து வெகு தொலைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புவிவேதியியலாளர் சாக்கோடு வந்தார். வழிகாட்ட நான் போனேன்.

நாள் முழுக்கப் பொறுக்கிச் சாக்கை நிரப்பிக் கொடுத்தோம். மாலையில் மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, தூக்கி எறிந்துகொண்டே இருந்தார். கடைசியில் மிஞ்சியது மூன்று. பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் அவர்களைக் கூப்பிட்டு விளக்கினார்: மண்ணுக்கடியில் கிடந்த காலத்தில் மழைநீர் ஊறி, பழைய சரக்கைக் கரைத்துப் புதிய சரக்கை நிரப்பியிருக்கும், அப்படிப்பட்ட சிப்பி பழைய கடலைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொய், ஓட்டின் ஏடுகள் பிரிந்து பளபளப்பாக இருந்தால் மட்டுமே நம்பலாம். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுச் சிப்பியில் பளபளப்பு! ஒரு சிறுமி அதைக் காதில் வைத்துக் கடல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். அவரும் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

முதுகலை மாணவி எழுதியது:

இமயமலை உயர்ந்ததால்தான் பூமி குளிர்ந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். கும்பகோணத்தான் ஐயா, உங்கள் ஓடுகள் அதை உறுதிப்படுத்தினவா?

கும்பகோணத்தான் எழுதியது:

அம்மா, உறுதிப்படுத்தினேன் என்றுதான் ஆய்வேட்டில் எழுதினேன். இன்று அந்தப் பத்தியைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

இன்றைய திறந்த கடலில் எங்கே மொண்டாலும் விகிதம் 0.7092. ஸ்ட்ரான்ஷியம் கடலில் பல பத்து லட்சம் ஆண்டுகள் தங்கும். கடல் ஒருமுறை கலந்து முடிய ஆயிரம் ஆண்டுகளைப் போலப் போதும். அதனால் எங்கும் ஒரே எண். அரியலூர்ச் சிப்பியின் காலத்தில் அது 0.7078. நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பும் ஏறக்குறைய அதேதான். ஏற்றமெல்லாம் அதற்குப் பிறகு. 1988இல் ரேமோ, ரடிமன், ஃப்ரோலிக் மூவரும் இதற்கு இமயமலையைக் காரணம் காட்டினார்கள். மலை உயர்கிறது, கிரானைட் போன்ற சிலிக்கேட் பாறை கரைகிறது, அதன் உயர்ந்த விகிதம் ஆற்றோடு கடலுக்கு வருகிறது, கரைவதில் காற்றின் கரியமில வாயு செலவாகிறது, பூமி குளிர்கிறது. கங்கையின் மேல்பகுதி ஆறுகளில் 0.73கூட வருவதால் எல்லாம் பொருந்துவதுபோல் இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், இமயத்துச் சுண்ணாம்புப் பாறைகள் சில, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியபோது பக்கத்துச் சிலிக்கேட்டிலிருந்து உயர்ந்த விகிதத்தை வாங்கிக்கொண்டவை. அவை கரைந்தாலும் கடலின் எண் ஏறும். ஆனால் சுண்ணாம்பு கரைவதால் நெடுங்காலத்தில் கரியமில வாயு குறைவதில்லை. ஆக, எண் ஏறியதை மட்டும் வைத்து, கரைந்தது எந்தப் பாறை என்று சொல்ல முடியாது. மலைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. என் ஓடுகள் அதற்குச் சாட்சி ஆகா, அவ்வளவுதான். உங்கள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள்.

அரியலூர் ஆசிரியர் ஐயா, அப்படிப் பளபளக்கும் சிப்பித் துண்டு ஒன்று கிடைத்தால் எனக்கும் அனுப்புவீர்களா? கழுவ வேண்டாம். புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தக் கிராமம், எந்த அடுக்கு என்று பென்சிலால் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கோயில் பிரசாதத்தோடு ஒரே பொட்டலமாகக் கட்டிவிடாதீர்கள்.