கனெக்ட் 115200 என்கிறது, ஃபைல் 3.8 கேபிக்கு மேல் ஏறவில்லை. ஏன்?

கேள்வி:
486 கணினி, வெளியே வைக்கும் 33.6 மோடம் (போன் லைனில் இன்டர்நெட் தரும் கருவி, வினாடிக்கு 33,600 பிட்), அதைக் கணினியோடு இணைக்கும் காம்1 சீரியல் போர்ட் வினாடிக்கு 115200 பிட். டயல் செய்ததும் "கனெக்ட் 115200" என்று வருகிறது. ஜிப் ஃபைல் வினாடிக்கு 3.8 கேபிதான் இறங்குகிறது. போர்ட்டை 57600 ஆக்கினாலும் அதேதான். டெக்ஸ்ட் ஃபைல் 115200இல் வேகமாகப் போய் நின்று நின்று வருகிறது. கோளாறு லைனிலா, மோடமிலா?

பதில் 1:
33.6க்கு 3.8 நல்ல வேகம்தான். அந்த 115200 கணினிக்கும் மோடமுக்கும் இடையே உள்ள கேபிள் வேகம். ராக்வெல் சிப் மோடம் என்றால் இனிஷியலைசேஷன் வரியில் (டயல் செய்யுமுன் மோடமுக்குப் போகும் கட்டளைகள்) டபிள்யூ2 சேருங்கள், "கனெக்ட்" செய்தியில் லைன் வேகத்தைச் சொல்லும்.
கேபிளில் ஸ்டார்ட், ஸ்டாப் என்ற எல்லைப் பிட்கள் சேர்த்து பைட்டுக்கு 10 பிட். வி.42 பிழைதிருத்தம் இருந்தால் லைனில் அந்த இரண்டும் போகாது: 33600 ÷ 8 = 4200 பைட். வி.42உம், பிபிபி, டிசிபி/ஐபி என்ற இன்டர்நெட் நெறிமுறைகளும் பாக்கெட்டுகளில் சேர்க்கும் தலைப்புகள் தின்றது போக மிச்சம்தான் உங்கள் 3.8.

பதில் 2:
அதற்காகப் போர்ட்டை 38400க்கு இறக்கிவிடாதீர்கள். "33.6ஐ விட அதிகம்தானே" என்று பலர் வைப்பது அதைத்தான். 38400 ÷ 10 = 3840 பைட்; லைன் கொடுப்பதைக் கேபிளால் வாங்க முடியாது. ஜிப் ஏற்கெனவே சுருங்கியது, மோடமின் வி.42பிஸ் சுருக்க முறையால் அதில் ஒன்றும் பிழிய முடியாது. டெக்ஸ்ட் இரண்டு மடங்கு சுருங்கினால் வினாடிக்கு 8000 பைட். 57600 போர்ட் 5760இல் முட்டி நிற்கும். மோடம் பெட்டியில் போடும் 4:1 சுருக்கம் விளம்பரக் கணக்கு.

பதில் 3:
நின்று நின்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் யூஆர்ட் (சீரியல் போர்ட்டை இயக்கும்) சிப். டாஸில் எம்எஸ்டி என்ற மைக்ரோசாஃப்ட் சோதனை நிரலை ஓட்டி, காம் போர்ட்ஸ் பகுதியில் கடைசி வரியைப் பாருங்கள்.

கேட்டவர்:
8250 என்று காட்டுகிறது.

பதில் 3:
அதுதான். 8250, 16450 இரண்டும் வந்த பைட்டில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கும். 115200இல் 87 மைக்ரோ வினாடிக்கு ஒரு பைட். டிஸ்க்கில் எழுதும் நேரத்தில் இன்டரப்ட் (பைட்டை எடுக்கச் சொல்லி சிப் கணினிக்கு விடும் அழைப்பு) தாமதமானால் அடுத்தது முந்தையதை அழித்துவிடும். டிசிபி அந்தப் பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கும்வரை ஃபைல் நிற்கும். ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (கேபிளின் தனிக் கம்பிகளில் "நிறுத்து, அனுப்பு" என்று சொல்லும் முறை) இதைத் தடுக்காது, பைட் போனது டிரைவருக்கே தாமதமாகத்தான் தெரியும். ஆனாலும் அது வேண்டும், அதற்கான மோடம் கட்டளை: ராக்வெல்லில் &கே3, யுஎஸ் ரோபாட்டிக்ஸில் &ஹெச்1&ஆர்2. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வேண்டாம்; அது 17, 19 என்ற பைட்டுகளையே "அனுப்பு, நிறுத்து" குறிகளாக வைக்கிறது, ஃபைலுக்குள் அவை வந்தால் மாட்டிக்கொள்ளும்.
16550ஏ யூஆர்ட் உள்ள ஐஎஸ்ஏ கார்டு போடுங்கள், அதில் 16 பைட் ஃபிஃபோ (பைட்டுகளை வரிசையாகப் பிடித்து வைக்கும் இடம்) உண்டு. டிரைவரில் ஃபிஃபோவை இயக்க மறக்காதீர்கள். பழைய கார்டின் காம்1ஐ ஜம்பரில் அணையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கார்டும் காம்1இன் 3எஃப்8 முகவரியிலும் ஐஆர்க்யூ 4 என்ற இன்டரப்ட் எண்ணிலும் மோதும். அதுவரை 57600 போதும்.