எக்ஸ்ட் கணிப்பில் ஓர் ஐயம்: யாராவது உதவுவீர்களா?

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். ஃபங்க்டர் (functor: இங்கே, காவி வெளிகளை, அதாவது vector space-களை, காவி வெளிகளாக மாற்றும் விதி) வகைகளின் கோஹோமாலஜியைத் தனியாகப் படித்து வருகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

இரண்டு உறுப்புகள் கொண்ட களத்தின் மீது, காவி வெளியை அப்படியே தரும் அடையாள ஃபங்க்டரின் சுய எக்ஸ்ட் (Ext: ஒன்றை மற்றொன்றால் நீட்டும் வழிகளைப் படிவாரியாக அளப்பது) ஒவ்வோர் இரட்டைப் படியிலும் ஒரு பரிமாணம். ஒற்றைப் படிகளில் பூச்சியம். காவி வெளியின் பரிமாணம் போதியளவு பெரிதானால், நேர்மாறுள்ள தாயங்களின் (matrices) கூட்டத்திலும் (group) இதே விடை கிடைக்கும் என்பது 1990களின் இறுதியில் பெட்லியும் சுஸ்லினும் நிறுவிய அழகான தேற்றம். மாறிலிக் கெழுக்களுக்கு, பூச்சியத்துக்கு மேற்பட்ட படிகள் எல்லாம் மறைந்துவிடும் என்று குவிலன் 1972இலேயே காட்டியிருந்தார்.

ஆனால் 2×2 தாயங்களை எடுத்துக் கையால் கணித்தேன். கூட்டத்தில் ஆறே உறுப்புகள், அதன் இயல்பான மட்டு (module) எறியமாக (projective) இருப்பதால் இரண்டாம் படி பூச்சியமாகிவிடுகிறது. அந்த இரண்டாம் படி உறுப்பு, 4 மட்டிலான (modulo 4) தாயக் கூட்டம் தரும் நீட்சி என்று புரிகிறது. 168 உறுப்புகள் கொண்ட 3×3 கூட்டத்திலும் அந்த நீட்சி பிளந்துவிடுகிறது (split), அதாவது அந்த உறுப்பு பூச்சியமாகிவிடுகிறது! கொப்பியில் நான்கு பக்கம் அடித்தடித்து எழுதியும் 4×4 எனக்கு வசப்படவில்லை.

இரண்டாம் படி எந்தப் பரிமாணத்திலிருந்து நிலைபெறுகிறது, ஏன்? தெரிந்தவர்கள் விளக்குங்கள். ஊரில் இருப்பவர்களானால் ஞாயிறு மாலை டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கொப்பியுடன் வருகிறேன்.