மண்டியிலிருந்து வரும் ஆர்டிஎம்பி லைவ்: என்விஆரில் சேர்ப்பது எப்படி?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
ஆலையில் 16 சேனல் என்விஆர் (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி), 8 ஐபி கேமரா ஓடுது. காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியில் எடைமேடைக்கு மேல ஒரு கேமரா, அதோட என்கோடர் (படத்தைச் சுருக்கி அனுப்புற கருவி) 4ஜி சிம் வழியா ஆர்டிஎம்பி (லைவ் வீடியோவைத் தள்ளிவிடுற முறை) மட்டும்தான் அனுப்பும். அதை 9-வது சேனலில் பதிவு பண்ணணும். சிம்மோட ஐபியைப் போட்டா ஆஃப்லைன்னே காட்டுது. வழி இருக்கா?

ஒயர்மேன்_ஓசூர்:
அந்த ஐபியை எத்தனை தடவை போட்டாலும் வராது சார். என்விஆர் தானா போய் ஆர்டிஎஸ்பியில் (கேமராகிட்ட வீடியோவைக் கேட்டு வாங்குற முறை) இழுக்கிற ரகம், என்கோடர் தள்ளிவிடுற ரகம். போதாததுக்கு 4ஜி சிம் பெரும்பாலும் சிம் கம்பெனியோட NAT-க்கு (பல சிம்முக்குப் பொதுவா ஒரே வெளி ஐபி) பின்னாடி இருக்கும், வெளியிலிருந்து உள்ளே போக முடியாது.

நடுவுல மீடியாஎம்டிஎக்ஸ் போடுங்க, ஆர்டிஎம்பியில் வாங்கி ஆர்டிஎஸ்பியில் கொடுக்கிற சர்வர் மென்பொருள் அது. கோடெக்கை (வீடியோவைச் சுருக்குற முறை) மாத்தாம கைமாத்தி மட்டும் விடுறதால ராஸ்பெரி பை 4 (கையளவு கம்ப்யூட்டர்) தாராளம். ஆலை லைனுக்கு ஸ்டாட்டிக் ஐபி வாங்கி, ரவுட்டரில் 1935 போர்ட்டை (ஆர்டிஎம்பியோடது) மட்டும் பை பக்கம் திருப்புங்க, என்கோடர் அந்த ஐபிக்கு அனுப்பட்டும். என்விஆர் போர்ட் எதையும் வெளியே திறக்காதீங்க. பப்ளிஷ் பண்ண (பைக்கு வீடியோ அனுப்ப) யூசர், பாஸ்வேர்ட் கட்டாயம், இல்லாட்டி எவனோட படமாவது உங்க 9-வது சேனலில் ஓடும்.

பிறகு என்விஆரில் கஸ்டம் புரோட்டோகால் (முகவரியை நாமே எழுதிக் கேமரா சேர்க்கிற இடம்): ஆர்டிஎஸ்பி, டிசிபி, போர்ட் 8554 (வழக்கமான 554 இல்லை), பாத் பெயர். பாஸ்வேர்டில் @ இருந்தா, முகவரிக்குள்ள எழுதும்போது %40.

பிட்ரேட்_தருமபுரி:
மேல சொன்னது சரி. ஆனா என்கோடரைச் சரி பண்ணாம விட்டா, என்விஆரில் கேபிபிஎஸ் (டேட்டா வேகம்) ஓடும், படம் மட்டும் கருப்பா நிக்கும். கோடெக் எச்.264 வைங்க, பி-ஃபிரேம் (முன்பின் படங்களைப் பார்த்து உருவாகுறது) 0, நொடிக்கு 25 ஃபிரேம்னா ஐ-ஃபிரேம் (முழுப் படம்) இடைவெளி 50. ஆடியோ ஏஏசி கோடெக்கில் போகும், பல என்விஆருக்கு ஜி.711 கோடெக்தான் பழக்கம். எடைமேடைக்குச் சத்தம் எதுக்கு, அணைச்சிடுங்க.

2 எம்பிபிஎஸ்னா நாளைக்கு 21.6 ஜிபி. சிம் பிளானை முதல்ல பாருங்க!

இந்தச் சேனலுக்கு மோஷன் ரெக்கார்டிங் (அசைவு தெரிஞ்சா மட்டும் பதிவு) வைக்காதீங்க. கஸ்டம் புரோட்டோகாலில் படம்தான் வரும், மோஷன் தகவல் வராது, டிஸ்க் காலியாவே கிடக்கும். தொடர் பதிவு போடுங்க.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
படம் வந்துடுச்சு, நன்றி. எடைச்சீட்டு நேரத்துக்கும் பதிவுக்கும் 6 நொடி வித்தியாசம் வருதே?

பிட்ரேட்_தருமபுரி:
என்விஆர் போடுறது படம் வந்துசேர்ந்த நேரம். என்கோடரில் என்டிபி (இன்டர்நெட் வழியா கடிகாரத்தைச் சரி பண்றது) ஆன் பண்ணி, நேரத்தைப் படத்து மேலேயே எழுத விடுங்க, சீட்டோட அதை ஒப்பிடலாம். சிக்னல் இல்லாம போற நேரத்துப் பதிவு ஆலைக்கு வராது, என்கோடரில் மெமரி கார்டு வசதி இருந்தா அதையும் ஓடவிடுங்க.