டீ பில்லு, டிரிப் ஷீட்டு... உங்களுக்கும் இப்படி நடந்துருக்குதாங்க?

பெருந்துறை டீக்கடை:
நாலஞ்சு வருசமாச்சு, இன்னும் முள்ளாட்டக் குத்திட்டே இருக்குதுங்க. எங்கூருச் சாக்கடைய எட்டிப் பாத்துட்டுப் போகப் பெரிய ஆளு ஒருத்தரு வந்தாரு. பஞ்சாயத்துல சொன்னாங்கனு 43 டீ, ரெண்டு தட்டு வடை குடுத்தேன். பில்லு எழுதப் போனா 'தொகைய விட்டுருங்க, சீலு மட்டும் குத்திக் குடுங்க, நாங்க எழுதிக்கறோம்'னாங்க. காசு கைக்கு வந்தாச் சேரினு குத்திக் குடுத்துப்போட்டேன். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபை, அங்கயும் நாந்தான் டீ. வரவு செலவு படிக்கறப்ப எளவட்டம் ஒருத்தன் வவுச்சரப் படிங்கனு ஒத்தக்கால்ல நின்னான். படிச்சாங்க. என்ற கடைப் பேரு, சிற்றுண்டி, 14,200 ரூவா. நான் கேத்தலும் கையுமா நிக்கறேன், மொத்தச் சனமும் திரும்பி என்னையப் பாக்குது. எழுதுனவிய மேசைல உக்காந்துருக்காங்க, அவியளை ஒருத்தரும் பாக்கலை. எங்க பெரியம்மா வேற, 'ஏஞ்சாமி, டீயில குங்குமப்பூவா போட்டே'னு கேட்டுச்சு.

கோபி டிரைவர்:
எனக்கும் இதேதான். மேட்டுப்பாளையத்துல கல்யாணம், மண்டபத்து வேப்பமரத்தடில பொழுதோட வரைக்கும் ஆபீஸ் கார் நின்னுச்சு. டிரிப் ஷீட்ல 'பணி ஆய்வு', கிலோமீட்டர் 260 எச்சா. பேனாவ நீட்டுனாங்க, போட்டேன். பேட்டா 300 சேத்திக் குடுத்தாங்க, அதையும் வாங்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

திருப்பூர்காரன்:
2009ல நான் படிக்கறதுக்காக இங்கிலாந்துல லெஸ்டர்ல இருந்தேன், குடோன்ல பார்ட் டைம். அந்த நாட்டு எம்பிங்க அரசாங்கத்துக்கிட்டக் கேட்ட செலவுக் கணக்கு டெலிகிராப் பேப்பர்ல தெனம் வந்துட்டு இருந்துச்சு. ஒருத்தரு வாத்து தங்கற வீட்டுக்கு 1,645 பவுண்டு கேட்டுருந்தாரு (குடுக்கலை, அது வேற), இன்னொருத்தரு கணக்குல பங்களாவச் சுத்தி இருக்கற அகழி தூர்வாருன செலவு. சூப்பர்வைசர் கெழவன் பேப்பர என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டிச் சிரிக்கறான், எனக்குச் சிரிப்பே வரலை, எங்கூருக் குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனுக் குடுத்தே எங்கப்பா ஓஞ்சு போனாரு. ஆனா அங்க சபாநாயகர் பதவியே போச்சு, சில எம்பிங்க ஜெயிலுக்குப் போனாங்க. இங்க?

ஈரோடு மஞ்சமண்டி:
திருப்பூர்காரரே, அங்கயாவது பில்லு கேக்கறாங்க. இங்க அதுக்கும் வேலையில்லை, சட்டசபைல கை தூக்குனா முடிஞ்சுது. 2017 ஜூலைல எம்எல்ஏ சம்பளம் 55,000ல இருந்து 1,05,000 ஆச்சே, அன்னைக்கு நான் மண்டில மூட்டை மேல உக்காந்துட்டு செல்லுல சேதி பாத்துட்டு இருந்தேன், அதே வாரம் நம்ம வெவசாயிங்க டெல்லில ஜந்தர் மந்தர்ல தெருவுல கெடக்கறாங்க. பக்கத்துல எடை போடறவன் 'நமக்கு எப்பண்ணா ஏத்துவாங்க'ங்கறான். அப்புறம் டீக்கடை அண்ணா, கோவிச்சுக்காதீங்க, வெத்துப் பில்லுல சீலு குத்துனது நீங்கதானுங்களே.

அவினாசி வாத்தியார்:
அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது. எங்க வார்டுல தெருவிளக்கு பல்பு கணக்கு நானே கேட்டு வாங்கியிருக்கேன், அது கெடக்கட்டும். எல்லாரும் தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடுங்க, 2005 சட்டம், பிரிவு 6(1)னு தலைப்புலயே எழுதுங்க. 10 ரூவா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டோணும். 'ஏன் செலவு பண்ணுனீங்க'னு கேக்காதீங்க, நழுவிருவாங்க. 'இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வவுச்சர் நகல் குடு'னு கேளுங்க. பக்கத்துக்கு 2 ரூவா. 30 நாளு பாருங்க, வரலைன்னா அதே ஆபீஸ்ல மேல இருக்கறவருக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கும் மசியலைன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீதப் பத்திரமா வெச்சுக்கோங்க, சாதாத் தபால்ல போட்டுட்டு வரலை வரலைனு அழுகாதீங்க. டீக்கடைக்காரரே, மொதல்ல நீங்க போடுங்க.

பெருந்துறை டீக்கடை:
போடலாமுங்க வாத்தியாரே. நகல் வாங்குனா என்ற சீலும் கையெழுத்தும்தானுங்களே வரும். பில் புக்கு இன்னும் கல்லாவுலதான் கெடக்குது, கார்பன் காப்பில தேதி இருக்குது, 43 டீனு இருக்குது, தொகை எடம் மட்டும் வெத்தாக் கெடக்குது.